தொட்டால் செல்லும்

சீனுவாசனுக்குக் கோபம் வந்தால் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட மாட்டான். வண்டியை அப்படியே கீழே சாய்த்துவிட்டுத்தான் சண்டைக்குப் போவான். பெருமுக்கல் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில், சைக்கிள் தடாலென்று விழுகிற சத்தம் கேட்டாலே குழாயடிப் பெண்கள், "யாருக்கோ பூசை ஆரம்பிச்சிடுச்சி" என்று சிரித்துக்கொள்வார்கள். மற்றபடி நல்ல மனுஷன். சொந்த நிலத்தில் கேப்பையும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டு, யார் வம்புக்கும் போகாமல் பிழைக்கிறவன். மகள் அம்சா விஷயம் என்று வந்துவிட்டால் மட்டும் நிதானம் என்பது அவனிடம் மருந்துக்கும் கிடையாது.

அதற்குக் காரணமும் இருந்தது. நடை பழகிய வயதில் அம்சாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது இடது காலின் வலுவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேல் வரைக்கும் கம்பி வைத்த ஷூ ஒன்று செய்து கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவள் நடந்து வந்தால் தெருக்கோடியிலிருந்தே சத்தம் கேட்கும். என்றைக்காவது, எவனாவது, தன் பெண்ணை அந்த ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடப்போகிறான் என்று சீனுவாசன் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவனுக்குக் கண் சரியாகத்தான் இருந்தது. காதுதான் அரண்டு போயிருந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷம், மாசி மாதம். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டைகளைப் போட்டுவிட்டு, மகளுக்குப் பிடிக்குமே என்று ஒரு பொட்டலம் ஜாங்கிரி வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது ஒண்ணுக்கு பெல் அடித்தது. காலையில் நடுவே விடுகிற இன்டர்வெல்லுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். வாத்தியார்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே அந்தக் கால் மணி நேரம் அதற்கு மட்டும்தான் என்பது பெரியவர்கள் எல்லாருடைய எண்ணமும்.

பள்ளிக்கூட மைதானத்தில் பாதி மண், பாதி பாறை. மலையிலிருந்து கிளைத்து வந்தது போல ஒரு நீளப் பாறை தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதன்மேல் கூட்டமாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் அம்சா. அவள் முகம் சிவந்திருந்தது, கண் கலங்கியிருந்தது. அவளுக்கு எதிரே வெற்றிச்செல்வன் என்கிற பையன் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது காற்றில் மிதந்து வந்தது.

"சப்பாணியத் தொட்டா செல்லாதுடா. எத்தினி வாட்டி சொல்றது."

சைக்கிள் விழுந்தது. ஜாங்கிரி மண்ணில் உருண்டது.

சீனுவாசன் பிள்ளைகளிடம் போகவில்லை. நேரே தலைமை ஆசிரியர் பாண்டுரங்கன் சாருடைய அறைக்குப் போனான். அவன் போட்ட கூச்சலில் சத்துணவுக் கூடத்து அம்மா கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். "எம் பொண்ண சப்பாணின்றானுங்க சார். தொட்டா செல்லாதாம். தொடறதுக்குக்கூட லாயக்கில்லாத பொண்ணா சார் அது? இதுக்குத்தான் நான் படிக்க அனுப்பறனா?"

பாண்டுரங்கன் சாருக்கு ஒண்ணுக்கு பெல் என்றாலே ஆகாது. முட்டி பெயர்ந்தது, பட்டன் அறுந்தது, பல் ஆடுகிறது என்று அடுத்த பீரியடு முழுக்கப் பஞ்சாயத்துதான். போதாததற்கு அடுத்த மாதம் இன்ஸ்பெக்ஷன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் சீனுவாசன் வந்து நின்றான்.

"ஒண்ணுக்கு உட்டா ஒம்போது வம்போட வர்றானுங்க. நீ கவலய உடு சீனுவாசா, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். அன்றைக்கே உத்தரவு போட்டார். இனி ஐந்தாம் வகுப்புக்கு வெளியே விளையாட்டு கிடையாது. விரலைக் காட்டினால் இரண்டு இரண்டு பேராகப் போய்விட்டு வரவேண்டும். மத்தியானமும் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதவேண்டும். "ஒண்ணாவது ரெண்டாவதுன்னா சின்னப் பசங்க, ஆடட்டும். அஞ்சாவது வந்தாச்சு, இன்னும் இன்னாடா ஆட்டம்?"

சீனுவாசன் வெற்றி வீரனாக வீட்டுக்குப் போனான்.

அந்த வீரம் சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்த அம்சா ஷூவைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் என்றாள். அவன் ஏதாவது கேட்டால் பதில் அம்மாவுக்குப் போனது. "அவர சும்மா இருக்கச் சொல்லும்மா."

அவள் அம்மா அம்பிகா கெட்டிக்காரி. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே மெள்ளக் கேட்டாள். "இன்னா ஆட்டம்டி ஆடினீங்க அன்னிக்கு?"

"கல்லா மண்ணா."

"அதுல நீ யாரு?"

"ஒப்புக்குச் சப்பாணி."

அம்பிகாவின் கை நின்றது. திரும்பி வாசலில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்லவேண்டியதில்லை.

ஒப்புக்குச் சப்பாணி யாரென்று தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் விளையாடியிருக்க மாட்டார்கள். ஆட்டத்துக்குச் சின்னதான தம்பி தங்கைகளை அழவைக்காமல் சும்மாவாவது சேர்த்துக்கொள்வார்கள் அல்லவா, அந்தப் பதவி அது. கூடவே ஓடலாம், கத்தலாம். ஆனால் தொட்டால் அவுட் கிடையாது, பிடித்தால் கணக்கு கிடையாது. கால் நன்றாக இருக்கிற பிள்ளைதான் முக்கால்வாசி நேரம் சப்பாணி. சீனுவாசனே அந்தக் காலத்தில் தன் தம்பிக்கு அந்தப் பதவியைக் கொடுத்து வைத்திருந்தவன்தான். அன்றைக்குச் சொல்லின் முன்பாதியைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. பின்பாதி மட்டும் அவன் காதுக்கு வந்து சேர்ந்தது.

"அப்போ எதுக்குடி அழுதுக்கினு நின்ன?" என்று அம்பிகா கேட்டாள்.

அதற்குத்தான் அம்சா வாயைத் திறந்தாள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்பா பக்கம் திரும்பிக் கொட்டியது.

"மூணாவதுலேர்ந்து நான் சப்பாணிதாம்பா. நான் மண்ணுல எங்க போய் நின்னாலும் யாரும் தொரத்த மாட்டாங்க. என் பக்கத்துல வந்து என்ன சுத்திக்கினு போய் வேற யாரையாவது புடிப்பாங்க. நான் சும்மா நின்னுக்கினே இருப்பேன். அன்னிக்குத்தான் என்ன ஆட்டத்துல சேருங்கனு சண்ட போட்டேன். பாதிப் பேரு சரின்னுட்டாங்க. வெற்றிதான் ரூல் பேசிக்கினு இருந்தான். அதுக்குள்ள நீ வந்து எல்லாரையும் மாட்டி உட்டுட்ட. இப்போ க்ளாசே எங்கூட காய் உட்டுடுச்சி."

சீனுவாசன் வாசலிலிருந்து எழுந்து உள்ளே வந்தான். "அவுங்க தொட்டா நீ அவுட்டாயிடுவியேம்மா" என்று மட்டும் சொன்னான்.

"ஆவணும்பா. என்னத் தொட்டா செல்லணும்."

அந்த இரவு அவன் சாப்பிடவில்லை. அவள் பிறந்ததிலிருந்து, அவளோடு அவனும் தூக்கம் கெட்ட அந்தக் காய்ச்சல் நாட்களிலிருந்து, அவளை யாரும் தொட்டுவிடக்கூடாது, தள்ளிவிடக்கூடாது, ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்றுதான் அவன் காவல் காத்துவந்தான். அவளோ தொடு என்று கேட்டு ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தன் வீட்டில் வளர்கிற பெண்ணை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பதுபோல் அவனுக்கு இருந்தது.

மறுநாள் சைக்கிளை ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, பாண்டுரங்கன் சார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தப்பு தன்மேல்தான், பிள்ளைகளை வெளியே விடுங்கள் என்றான். சார் அசையவில்லை. நான்கு நாளாகப் பள்ளிக்கூடம் கோயில் மாதிரி இருக்கிறதாம். வாய்ப்பாடு நோட்டு நிரம்புகிறதாம். ஊர் கேட்கிறதென்று உத்தரவு போட்டுவிட்டு, ஊர் கேட்கிறதென்று எடுத்தால் தலைமை ஆசிரியருக்கு என்ன மதிப்பு?

ஐந்தாம் வகுப்பு டீச்சர் தேவகி சாக்பீஸ் எடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "நோட்டு நெறயுதுங்க சார், மண்டயில ஒண்ணும் நிக்கல. ஏழு எட்டு அம்பத்தாறுனு நேத்திக்கு நூறு வாட்டி எழுதினவன கேட்டா முழிக்கிறான். மத்தியானத்துக்கு மேல அந்த ரூம்ல ஒரு புள்ளக்கும் கண்ணுல உசுரு இல்ல. ஒருத்தர ஒருத்தர் கிள்ளிக்கினு உக்காந்திருக்குதுங்க. வெளிய போய்ட்டு வந்த புள்ளைங்களுக்கு நான் பாடம் நடத்திடுவேன் சார். இதுங்களுக்கு முடியல."

சார் யோசித்தார். இறங்கி வரவும் வேண்டும், இறங்கி வந்ததாகத் தெரியவும் கூடாது. "சரிப்பா சீனுவாசா. புகார் சொன்னவன் நீ. நீயே வந்து நின்னு பாத்துக்க. எவனுக்காவது முட்டி பேந்துச்சி, எவனாவது கெட்ட வார்த்தை பேசினான், நீதான் பதில் சொல்லணும்."

"நிக்கிறேன் சார்" என்றான் சீனுவாசன். மல்லாட்டை பிடுங்குகிற சமயம். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பான்.

பெல் அடித்ததும் ஐந்தாம் வகுப்பு வெளியே வந்தது. ஓடி வரவில்லை. பாறைமேல் வரிசையாக ஏறி நின்றுகொண்டு அவனை முறைத்தது. அன்றைக்கு அம்பிகா சமாதானம் சொல்லி அனுப்பி வைத்திருந்த அம்சா தள்ளி, வேப்பமரத்தடியில் தனியாக நின்றாள். சீனுவாசன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தப்பாகக் காதில் வாங்கிவிட்டேன், கோபத்தில் புகார் சொல்லிவிட்டேன், இனிமேல் அம்சாவை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு பணிவாக யாரிடமும் பேசியதில்லை.

அஸ்வினி என்கிற ஒல்லிப் பெண் முன்னால் வந்தாள். "எங்கள மாட்டி உட்டதுக்கு நீங்க சாரி கேட்டுட்டீங்க மாமா, அது ஓகே. அம்சாவுக்கும் பழம் உட்டுடறோம். ஆனா ஆட்டத்துல சேக்கறது நீங்க சொல்லி ஆவாது. அது நாங்க பேசணும்."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அந்தப் பெண் மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஓரமாகப் போய் நின்றான்.

அவர்கள் அம்சாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு பேசினார்கள். பிரவீன்குமார் என்கிற குண்டுப் பையன் முதலில் சொன்னான். "அவளால ஜல்தியா ஓட முடியாது. தொரத்தினா ஒடனே அவுட்டு. அப்புறம் எப்பப் பாத்தாலும் அவளே புடிச்சிக்கினு இருக்கணும். அவளுக்கும் பேஜாரு, நமக்கும் பேஜாரு."

"பத்து எண்ணிட்டு அப்புறம் தொரத்தலாம்" என்றான் ஒருவன்.

"அது பாதி சப்பாணி. எனக்கு வேணாம்" என்றாள் அம்சா.

"அப்போ இன்னாதான் பண்றது?"

அஸ்வினிதான் சொன்னாள். "அவளத் தொரத்தறவன் நொண்டி அடிச்சிக்கினு தொரத்தட்டும். ஒத்தக் கால்ல."

நொண்டி என்ற சொல் காதில் விழுந்ததும் சீனுவாசனுக்குப் பழக்கத்தில் ரத்தம் சுருக்கென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அம்சாவைப் பார்த்தான். அவள் கோபப்படவில்லை. கணக்குப் போடுகிறவள் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அடிச்சுப் பாக்கலாம் வா" என்று வெற்றிச்செல்வன் எழுந்தான். பாறையிலிருந்து வேப்பமரம் வரைக்கும் அவன் ஒற்றைக் காலில் தாவ, அம்சா ஷூக்காலை வீசி வீசி ஓடினாள். அவள் ஜெயித்தாள். திரும்பி வரும்போது அவன் ஜெயித்தான். இன்னொரு தடவை பார்த்தார்கள், அம்சா ஒரு கை அளவுக்கு முந்திவிட்டாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். "சரியா இருக்குது" என்றான் பிரவீன்குமார். அவ்வளவுதான், சட்டம் ஆகிவிட்டது. ஆட்டமே ஆடாமல் பெல் அடித்துவிட்டது, அதைப் பற்றி ஒருவருக்கும் வருத்தமில்லை.

சீனுவாசன் நின்ற இடத்திலேயே நின்றான். ஏரிக்கால்வாயில் யார் முதலில் மடை திறப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் அவன் சின்னப் பையனாக இருந்தபோது பேச உட்கார்ந்தார்கள். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இங்கே ஒரு ஒண்ணுக்கு பெல் நேரத்தில் ஒரு நியாயம் பிறந்து, சோதனை செய்யப்பட்டு, ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. வாத்தியார் இல்லை, புத்தகம் இல்லை, அப்பன்காரன் இல்லை. பத்து வருஷம் உயிரைக் கொடுத்து யோசித்தும் அவனுக்குத் தோன்றாதது அந்த ஒல்லிப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வெயிலிலும் கையெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

மறுநாள் ஆட்டம் நடந்தது. வெற்றிச்செல்வன் பிடிக்கிறவன். "கல்லா மண்ணா?" என்று எல்லாரும் கேட்டார்கள். "மண்ணு" என்றான். மண் அவனுடையது, பாறை மற்றவர்களுடையது. மண்ணில் இறங்குகிறவர்களை அவன் பிடிப்பான்.

அம்சா இறங்கினாள். "உன் மண்ணுல நிக்கிறேன்டா" என்று அவனைப் பார்த்துச் சொன்னாள். அவன் அவளை நோக்கித் திரும்பி, ஒரு காலை மடக்கிக்கொண்டு தாவத் தொடங்கினான். அவன் கண்ணில் துளி இரக்கம் இல்லை. அவளைப் பிடித்தே தீருவது என்று வந்தான். அம்சா கத்திக்கொண்டே ஓடிப் பாறையில் ஏறிவிட்டாள். மறுபடியும் இறங்கினாள். மறுபடியும் தப்பித்தாள். அப்புறம் ஒரு தடவை ஷூவின் நுனி மண்ணில் இடறி அவள் தடுமாற, அவன் கை அவள் முதுகில் பளாரென்று விழுந்தது.

"அவுட்டு."

எல்லாப் பிள்ளைகளும் சீனுவாசனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கோபம் ஊருக்கே தெரிந்ததுதானே.

அம்சா இரண்டு கையையும் தூக்கினாள். "செல்லும், நான் அவுட்டு" என்று கத்தினாள். "தொட்டுட்டான், செல்லும், செல்லும்." ஆட்டத்தில் தோற்றதற்காக ஒரு பிள்ளை அப்படிச் சிரித்ததை அவன் எங்கேயும் பார்த்ததில்லை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியபோதுகூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

இப்போது அவள் பிடிக்கிறவள். மொத்த வகுப்பும் பாறைமேல் ஏறி நின்று அவளைப் பார்த்துக் கேட்டது. "கல்லா மண்ணா?"

"மண்ணு."

"இவ தொரத்தும்போது நம்ம எப்பிடி ஓடறது?" என்று ஒருவன் கேட்டான். அதை யாரும் முன்கூட்டிப் பேசி வைத்திருக்கவில்லை. வெற்றிச்செல்வன் பதில் சொல்லாமல் ஒரு காலை மடக்கிக்கொண்டு பாறையிலிருந்து குதித்தான். அடுத்து அஸ்வினி. அப்புறம் பிரவீன்குமார் தொப்பென்று குதித்தான். பிறகு எல்லாரும். அம்சா ஷூவை வீசிக்கொண்டு அவர்களுக்குள் புகுந்தாள். அந்தப் பிள்ளைக் கூட்டம் முழுவதும் ஒற்றைக் காலில், அலறிக்கொண்டு, விழுந்து எழுந்து, அவளிடமிருந்து உயிருக்குப் பயந்ததுபோல் தாவித் தாவி ஓடியது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, யாரும் வேண்டுமென்றே மாட்டிக்கொள்ளவில்லை. தன் மகளைக் கண்டு பயந்து ஓடுகிற பிள்ளைகளை சீனுவாசன் பார்த்துக்கொண்டே நின்றான். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

கூச்சல் கேட்டு வராந்தாவுக்கு வந்த பாண்டுரங்கன் சார் வாயைப் பிளந்தார். "இன்னாப்பா இது, அஞ்சாங்கிளாசே நொண்டி அடிச்சிக்கினு ஓடுது?"

"அவுங்க சட்டம் சார்" என்றான் சீனுவாசன். "நமக்கெல்லாம் புரியாது."

பள்ளிக்கூடத்துக்கு அவன் எப்போது வந்தாலும் அம்சா எங்கிருந்தாலும் தலையைத் திருப்பி அவனைத் தேடுவாள். அவன் நிற்கிறான் என்று பார்த்த பிறகுதான் அடுத்த அடி வைப்பாள். அன்றைக்கு அந்த ஆட்டம் முடிகிறவரைக்கும் அவள் ஒரு தடவைகூட அவன் பக்கம் திரும்பவில்லை. வெற்றிச்செல்வனைத் துரத்திக்கொண்டு அப்பாவுக்கு ரொம்பப் பக்கத்தில், அவன் வேட்டி காற்றில் ஆடுகிற அளவுக்குப் பக்கத்தில் ஓடிப்போனாள். யாரோ ஒரு ஆள் குறுக்கே நிற்கிறான் என்பதுபோல் அவனைச் சுற்றிக்கொண்டு போனாள்.

சீனுவாசன் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தான். கொல்லை நிலத்தில் பிடுங்கவேண்டிய மல்லாட்டை அப்படியே கிடந்தது. சார் சொன்னதற்காக நாளைக்கும் வந்து நிற்கலாம், ஆனால் அம்சாவுக்காக நிற்கவேண்டிய தேவை இனி இல்லை.